பிள்ளை உங்கள் வீட்டில் இரவு தங்கும்போது: யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இராப் பராமரிப்புத் தொடங்க முழுமையான வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் இரவு முறை என்றால் மாலை 7 மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். காலை 7 மணிக்குத்தான் விடுதலை. கணவன் கொழும்பிலோ வெளிநாட்டிலோ, அம்மம்மா முல்லைத்தீவிலோ இருந்தால் அந்தத் தாதியின் 3 வயதுப் பிள்ளை எங்கே படுக்கும்? பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் மாலையோடு பூட்டிவிடும். இரவு பஸ் ஓட்டுபவர், காவற் பணிக்குப் போகும் தாய், நோயாளியோடு வார்டில் நிற்கவேண்டிய பெற்றோர் எல்லோருக்கும் இதே நிலைதான். பகலில் பிள்ளைகளைப் பார்த்துவரும் பல பெண்களிடம் "அன்ரி, இரவிலையும் ஒருக்கா வச்சுப் பாப்பீங்களோ?" என்ற கேள்வி வருவது அதனால்தான்.

ஓம் என்று சொல்வதற்கு முன் ஒன்றை மனதில் எடுங்கள். பகலில் உங்கள் கண் திறந்திருக்கும். இரவில் நீங்களும் தூங்குவீர்கள். பகலில் கண்ணால் தடுக்கும் ஆபத்தையெல்லாம் இரவில் வீடே தடுக்க வேண்டும். எனவே இந்த வேலையின் பெரும்பகுதி பொழுதுபடுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

யாரை எடுப்பது, எத்தனை பேரை எடுப்பது

இங்கிலாந்தில் பதிவுபெற்று வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்கு வழமையான உச்ச அளவு 8 வயதுக்குட்பட்ட 6 பேர். அதில் 5 வயதுக்குட்பட்டோர் 3 பேர், 1 வயதுக்குட்பட்டவர் ஒருவர். அங்கே உள்ள உறவினர்கள் இந்தக் கணக்கைச் சொல்லக்கூடும். தனியாக இருக்கும் ஒருவருக்கு, அதுவும் இரவில், 6 பேர் கூட. 3 பேரோடு நிறுத்துங்கள். அதில் கைக்குழந்தை ஒன்றுக்கு மேல் வேண்டாம். உங்கள் சொந்தப் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தொடங்கிய முதல் வருடம் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை எடுக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, வலிப்பு வந்த பிள்ளை, கடும் இழுப்பு உள்ள பிள்ளை என்றால் வைத்தியரின் எழுத்து ஆலோசனை இல்லாமல் இரவு வைத்திருப்பது சரியல்ல. தாயின் நிலை எவ்வளவு இரக்கத்துக்குரியதாக இருந்தாலும் இதில் தளரக் கூடாது.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைத் தொடங்குவதற்கு முன்பே சந்தியுங்கள். என்ன வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், வாரத்தில் எத்தனை இரவு என்று எழுதிக்கொண்டு போய், என்ன பதிவு தேவை என்று கேளுங்கள். கிராம அலுவலருக்கும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் விடயம் தெரிந்திருக்க வேண்டும். ஓர் இரவு, இரண்டு இரவு வேறு. பிள்ளையை வாரக்கணக்கில் உங்களிடம் விட்டுவிட்டுப் போவது வேறு. இரண்டாவது சிறுவர் இல்லம் போன்ற ஏற்பாடு. அதை வாய்ப்பேச்சில் ஏற்காதீர்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

இந்தப் பகுதியை மெழுகிப் பேசினால் பிள்ளைகளுக்குத்தான் கேடு. உங்கள் வீட்டில் இரவு தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் பொலிஸ் நற்சான்றும் கிராம அலுவலரின் நற்சான்றிதழும் எடுத்து வையுங்கள். கணவர், வளர்ந்த மகன், தம்பி, அறை வாடகைக்கு இருக்கும் மாணவன் எல்லோரும் இதில் அடக்கம். பெற்றோர் கேட்க வெட்கப்படுவார்கள். நீங்களே எடுத்து நீட்டுங்கள்.

பிள்ளை பெரியவர் எவரோடும் ஒரே படுக்கையில் படுக்காது. கழுவுவது, உடுப்பு மாற்றுவது நீங்கள் மட்டும். பிள்ளைகள் படுக்கும் அறைக் கதவு பூட்டப்படாது. பிள்ளை தங்கும் இரவில் விருந்தாளி இல்லை, குடி இல்லை. படம் எடுத்து எங்கும் போடுவதில்லை. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோருக்கும் கொடுங்கள், வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தன்னை யாரோ தொட்டதாக, அடித்ததாகப் பிள்ளை சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, நேரம் போட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். அது 24 மணிநேரமும் இயங்கும்.

படுக்கை: வலை, பாய், ஏணை

1 வயதுக்குட்பட்ட குழந்தை நீங்கள் படுக்கும் அறையிலேயே, தனிக் கட்டிலில், மல்லாக்காக, சமனான இறுக்கமான மெத்தையில் படுக்க வேண்டும். தலையணை, துணிப் பொம்மை, தடித்த போர்வை ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. கம்பிகளுக்கிடையே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டாம். சோடா ரின் ஒன்று உள்ளே போகிறதென்றால் அந்தத் தொட்டில் கூடாது. ஏணையில் இரவு முழுக்கப் படுக்கவிடாதீர்கள். துணி வளைந்து குழந்தையின் நாடி நெஞ்சில் குத்தினால் மூச்சுக்குழாய் ஒடுங்கும். அழுது களைத்த பிள்ளைக்கு அந்த நிலையிலிருந்து தலையை எடுக்கத் தெரியாது. பகலில் ஏணையில் நித்திரையாக்கினாலும் உறங்கியதும் தூக்கிக் கட்டிலில் கிடத்துங்கள். தாய் "வீட்டிலை ஏணைதான்" என்றால் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

பெரிய பிள்ளைகளுக்குப் பாய் விரித்து நிலத்தில் படுக்கவைப்பதுதான் எங்களூர் வழக்கம். விழ இடமில்லை, குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். கடித்த இடம் நோகாமலே இருக்கலாம், அடையாளமும் தெரியாமல் போகலாம். விடியற்புறம் வயிற்றுநோ, இமை சரிவு, பேச்சுக் குழறல் என்றுதான் அது வெளிப்படும். எனவே 30 முதல் 40 சென்ரிமீற்றர் உயரமுள்ள தாழ்ந்த கட்டில், அதற்கு மேல் நுளம்புவலை. வலையின் கீழ்விளிம்பைச் சும்மா தொங்கவிடாமல் மெத்தைக்குக் கீழே ஒரு முழம் உள்ளே சொருகுங்கள். நான்கு மூலையையும் கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த இடத்தால் நுளம்பும் வரும், பாம்பும் வரும். நிலத்தில் படுக்கத்தான் வேண்டும் என்றால் மெத்தை போட்டு அதன் கீழே வலையைச் சொருகுவது கட்டாயம். கதவின் அடியிடைவெளிக்குத் துணியை உருட்டி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் சாக்கு, செருப்பு, பழைய பத்திரிகை ஒன்றும் கிடக்கக்கூடாது.

நுளம்புத்திரியை அறைக்குள் கொளுத்த வேண்டாம். மூடிய அறையில் அந்தப் புகை சின்ன நெஞ்சுக்கு ஆகாது. வலையில் பொறி பட்டால் பிறகு பேச்சே இல்லை. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு அதிகம் கடிப்பது விடிகாலையிலும் பின்னேரத்திலும். பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும் நேரமும் எழும்பும் நேரமும் அதுதான். ஆகவே வலை மட்டும் போதாது. பின்னேரம் 4 மணிக்கே யன்னலை மூடி, பிள்ளை வந்ததும் நீளக்கைச் சட்டை போடுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை, மழைக்காலம் முழுக்க, வாரத்துக்கு ஒருமுறை சிரட்டை, பூச்சாடித் தட்டு, பிறிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

படுக்கையில் சலம் போகும் பிள்ளைக்கு ஒரு சின்ன வழி: மெத்தைமேல் றப்பர் சீற், அதன்மேல் பருத்தி விரிப்பு, மறுபடி றப்பர் சீற், மறுபடி விரிப்பு. இரவு 3 மணிக்கு மேலிரண்டையும் உரித்தெடுத்தால் கீழே உலர்ந்த படுக்கை தயார். விளக்குப் போட வேண்டாம், பிள்ளையும் முழுதாக விழிக்காது. 5 வயது வரை இது சாதாரணம். பேசவும் கூடாது, காலையில் மற்றப் பிள்ளைகள் முன் சொல்லவும் கூடாது.

கிணறு, கதவு, கரண்ட்

கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும் பக்கத்தில் வாளி, கதிரை, கல் ஏதாவது இருந்தால் 3 வயதுப் பிள்ளை ஏறிவிடும். இரும்பு வலையால் மூடிப் பூட்டுங்கள். குளியலறை வாளியையும் அண்டாவையும் இரவில் கவிழ்த்து வையுங்கள். சிறு பிள்ளை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும்.

வெளிக்கதவு உள்ளால் பூட்டியிருக்க வேண்டும், திறப்பு கதவுக்குப் பக்கத்திலேயே பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். நெருப்பு என்றால் திறப்புத் தேட நேரமிருக்காது. கேற் திறப்பும் அதே ஆணியில். அம்புலன்ஸ் வந்து கேற்றடியில் நிற்க நீங்கள் அலுமாரியைக் கிண்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கரண்ட் போகும் என்றே எண்ணி ஆயத்தமாக இருங்கள். சார்ஜ் ரோச் இரண்டு, ஒன்று உங்கள் தலைமாட்டில், ஒன்று மலசலகூட வழியில். மெழுகுதிரி, குப்பி விளக்கு பிள்ளை படுக்கும் அறையில் வேண்டாம். பழைய வட்டத்துளை பிளக்குகளுக்கு மூடி போடுங்கள். நிற்கும் ஃபானைக் கட்டிலிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள், வயர் வலைக்குள் வரக்கூடாது.

பால், தண்ணீர், இராச் சாப்பாடு

வலிகாமத்துத் தோட்டக் காணிகளைச் சுற்றியுள்ள கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் அது இலகுவில் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் சிறு குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகத்தான் ஆகும். உங்கள் கிணற்றுநீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். முடிவு வரும்வரை குழந்தைப் பாலுக்கு அந்த நீர் வேண்டாம்.

மாப்பால் கரைக்கும்போது கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொதித்து அரை மணிக்குள் கரைத்தால் சரி. பிறகு சூப்பிப் போத்தலைக் குளிர்நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்து 2 மணித்தியாலத்தில் குடிக்காததை ஊற்றிவிட வேண்டும். தாய்ப்பால் பிழிந்து கொண்டுவந்தால் வந்தவுடன் பிறிட்ஜின் உட்புறம் வையுங்கள், கதவுத் தட்டில் அல்ல. நேரமும் பெயரும் போத்தலில் எழுதியிருக்க வேண்டும். சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் சில இடம் கொதித்து நாக்குச் சுடும். வாய் வைத்த பாலை 2 மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பக் கொடுக்கக் கூடாது. கரண்ட் போனால் பிறிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியபடி சுமார் 4 மணித்தியாலம் குளிர் நிற்கும்.

இராச் சாப்பாடு 6.30க்கு. இடியப்பமும் சொதியும், அல்லது சோறும் பருப்பும். புதுச் சாப்பாட்டை இரவில் முதன்முதலாகக் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் நள்ளிரவில்தான் தெரியும். 5 வயதுக்குக் கீழே கச்சான், முழுத் திராட்சை, றம்புட்டான் வேண்டாம். 1 வயதுக்குக் கீழே தேன் கூடாது.

தாளில் இருக்கவேண்டியவை

முதல் இரவுக்கு முன் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையின் பிறந்த திகதி, நிறை, ஒவ்வாமை, மருந்துகள், சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டின் படம். பெற்றோரின் கைபேசி மட்டும் போதாது. வார்டில் கைபேசி பையில் கிடக்கும். வார்டின் தரைவழித் தொலைபேசி இலக்கமும், அடுத்தவர் ஒருவரின் இலக்கமும் வேண்டும். பெற்றோர் நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் என்றால் அந்த அடுத்தவர் குடாநாட்டுக்குள் இருக்க வேண்டும். இரவில் படகு இல்லை. பிள்ளையை ஏற்றிப்போகக் கூடியவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதப்பட வேண்டும். பட்டியலில் இல்லாதவர், அப்பாவின் சொந்த அண்ணனாக இருந்தாலும், தாயோடு பேசாமல் கொண்டுபோக முடியாது. அவசரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் பரசிற்றமோல் கொடுக்கவும் தனித்தனியே எழுத்துச் சம்மதம்.

முதல் இரவுக்குப் படிப்படியாக

ஒரு பின்னேரம் தாயோடு வந்து விளையாடட்டும். அடுத்த முறை தாய் இல்லாமல் 2 மணித்தியாலம். பிறகு ஒரு பகல் நித்திரை, அதே கட்டிலில், அதே வலைக்குள். பிறகு இரவுச் சாப்பாடு வரை. அதன் பின்தான் முழு இரவு. அவசரத்தில் இவற்றைத் தாண்டிய பிள்ளைதான் 11 மணிக்கு எழும்பி, இது யார் வீடு என்று தெரியாமல் வீறிட்டழும்.

பிள்ளை மாலை 5.30க்கு, வெளிச்சம் இருக்கும்போதே வர வேண்டும். தாய் ஒளித்துப் போகக் கூடாது. "போட்டு விடிய வாறன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். 1 வயது தாண்டிய பிள்ளையென்றால் தாயின் பழைய சேலைத் துண்டொன்றை வாங்கி வையுங்கள். அந்த மணம் பல பிள்ளைகளை நித்திரையாக்கும்.

சாப்பாடு, பல் விளக்கல், மலசலகூடம், உடுப்பு, ஒரு கதை, விளக்குக் குறைப்பு. ஒவ்வோர் இரவும் இந்த வரிசை மாறக் கூடாது. 8 மணிக்குப் படுக்கை. நள்ளிரவில் "அம்மா எப்ப வருவா?" என்றால் "இப்ப வருவா" என்று பொய் சொல்லாதீர்கள், பிள்ளை காத்திருக்கும், தூங்காது. "விடிஞ்சு, குஞ்சு இடியப்பம் சாப்பிட்டு முடிய, கேற் சத்தம் கேக்கும். அது அம்மாதான்" என்று சொல்லுங்கள். நித்திரை கொண்டு முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் கண் திறந்தபடி அலறி, உங்களை அடையாளம் காணாவிட்டால் அது இராப்பயம். உலுப்பி எழுப்பாதீர்கள், விழாமல் பார்த்து, பக்கத்தில் இருங்கள், சில நிமிடத்தில் அடங்கும்.

நித்திரைக்கென்று பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மருந்தோ இருமல் பாணியோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். தாயே சொன்னாலும் இல்லை. அது மூச்சைத் தாழ்த்தக்கூடும்.

இரவு விழிப்பும் உங்கள் நித்திரையும்

12 மணிக்கும் 3 மணிக்கும் அலாரம். ரோச்சை நிலத்துக்குப் பிடித்துக்கொண்டு மூச்சு, முகம் மூடியிருக்கிறதா, வலை, கழுத்து வியர்வை இந்த நான்கையும் பாருங்கள். கொப்பியில் உடனே எழுதுங்கள்:

6.40 இடியப்பம் 3, சொதி.
8.10 நித்திரை.
11.50 அம்மாவைக் கேட்டு அழுதார், 10 நிமிடம். தண்ணீர் ஒரு மிடறு.
3.05 சலம். மேல் விரிப்பு எடுத்தது.
5.55 எழும்பினார். இடது முழங்கையில் பழைய கீறல், வரும்போதே இருந்தது.

வாரத்துக்கு 3 இரவுக்கு மேல் எடுக்காதீர்கள். கைக்குழந்தை என்றால் அடுத்தடுத்த இரண்டு இரவு வேண்டாம். மறுநாள் பகலில் 4 மணித்தியாலமாவது படுக்க முடியாவிட்டால் அடுத்த பிள்ளையை ஏற்காதீர்கள். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சாய்கதிரையில் கண்ணயர்வது மிக ஆபத்தானது. இடுக்குக்குள் சரிந்து மூச்சடைக்கும். களைப்பாக இருந்தால், அழுதாலும் சரி, குழந்தையைக் கட்டிலில் கிடத்துங்கள். பொறுமை போகிறது என்று தோன்றினாலும் அதேதான்: கிடத்திவிட்டு 5 நிமிடம் வெளியே நில்லுங்கள். குழந்தையை உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும்.

ஏதும் நடந்தால்

10 நிமிடத்தில் வரக்கூடிய இரண்டாவது பெரியவர் ஒருவரை முன்பே பேசி வையுங்கள். ஒரு பிள்ளையோடு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் மற்றப் பிள்ளைகளோடு யார் இருப்பது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் ஓர் இரவும் தொடங்க வேண்டாம். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. கிட்டியது எது என்று முன்பே முடிவெடுங்கள்: யாழ் போதனாவா, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றா.

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் தாய்க்கு அழைப்பு. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரே ஆஸ்பத்திரி. பரசிற்றமோல் ஒரு வேளைக்கு நிறை கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 7.5 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், ஒவ்வொரு முறையும் லேபலை வாசியுங்கள். 4 மணித்தியாலத்துக்கு முன் அடுத்தது இல்லை, 24 மணித்தியாலத்துக்குள் 4 முறைக்கு மேல் இல்லை. மாலையில் வீட்டில் ஏதும் கொடுத்தார்களா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். இரட்டை அளவு போவது இப்படித்தான். டெங்குப் பயம் உள்ள எங்களூரில் இபுபுரோபனும் அஸ்பிரினும் கொடுக்கவே கூடாது.

காய்ச்சல் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து நேரம் பாருங்கள். வாயில் கரண்டி, கையில் இரும்புத் திறப்பு ஒன்றும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990. சிறிது நேரத்தில் நின்றாலும் அன்றிரவே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தொண்டையில் அடைத்து இருமவும் முடியாவிட்டால், 1 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் கவிழ்த்து தோள்பட்டைகளுக்கிடையே 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சுநடுவில் இருவிரலால் 5 அழுத்தம். பெரிய பிள்ளைக்கு முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே 5 அழுத்தம். வெளிவரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். வாசித்தால் கை பழகாது. முதலுதவி வகுப்பொன்றில் பொம்மையில் செய்து பழகுங்கள்.

பாம்புக் கடி என்று சந்தேகம் வந்தால்கூட வெட்டாமல், கட்டாமல், உறிஞ்சாமல், பிள்ளையை நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்கு. வயிற்றோட்டம் என்றால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு ஜீவனிப் பைக்கற்று முழுவதும். பாதிப் பைக்கற்று அரை லீற்றர் என்று கண்மதிப்பில் பிரிக்கக் கூடாது. 24 மணி தாண்டினால் ஊற்றிவிடுங்கள்.

காசு

ஓர் இரவுக்கு ஒரே தொகை பேசுங்கள், மணிக்கணக்கு இரவுக்குச் சரிவராது. சாப்பாடு, சவர்க்காரம், கரண்ட் எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அதோடு மறுநாள் நீங்கள் படுத்தெழும்புவதால் இழக்கும் பகல் உழைப்பையும் சேர்க்க வேண்டும். அதை விட்டவர்கள் சில மாதத்தில் களைத்து விட்டுவிடுகிறார்கள். பால்மா, பம்பர்ஸ், மருந்து பெற்றோர் பொறுப்பு. முறை மாறி வராமல் போனால் முதல்நாள் மதியத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதித் தொகை. காலையில் வார்டு ஒப்படைப்பு இழுபடுவது தாதியின் குற்றமில்லை. முதல் அரைமணிக்கு மேலதிகம் கேட்காதீர்கள்.

காலை

பள்ளிக்கூடம் 7.30க்கு. தாய் வார்டிலிருந்து வெளிக்கிடவே 7 தாண்டிவிடும். பாடசாலைப் பிள்ளையை யார் கொண்டுபோவது, எந்த ஓட்டோ என்பதை முன்னரே எழுதிவையுங்கள். சீருடையும் புத்தகப்பையும் மாலையிலேயே வந்திருக்க வேண்டும், தண்ணீர்ப் போத்தலும்.

இரவு முழுக்க நின்று வந்த தாய்க்கு நீளக் கதை ஏறாது. கேற்றடியில் மூன்றே விடயம்: என்ன சாப்பிட்டது, எப்படித் தூங்கியது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு. மருந்து கொடுத்திருந்தால் நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள், அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழும்பி மறந்துவிடுவார். கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு விரிப்புகளை வெயிலில் போடுங்கள். மருந்திட்ட வலையைத் தோய்த்தால் மட்டும் நிழலில் காயவிடுங்கள், வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும்.